மடிப்பில் வெட்டிய இறக்கை

அறுபது மீட்டர் என்றால் எவ்வளவு என்று அந்தக் கடைத்தெருவில் யாருக்கும் தெரியவில்லை. பத்து மீட்டர் தெரியும், துணிக்கடையில் வாங்கியிருக்கிறார்கள். நூறு மீட்டர் தெரியும், பள்ளிக்கூடத்தில் மூச்சு வாங்க ஓடியிருக்கிறார்கள். ஆனால் நடுவில் மூட்டு இல்லாமல், ஒரே பொருளாக, அறுபது மீட்டருக்கு ஓர் இறக்கை என்றால் அது மனதுக்குள் நுழைய மறுத்தது. ஊருக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் பன்னிரண்டு காற்றாலைகளை நிறுத்தப் போவதாகக் கம்பெனி வீடுவீடாகக் கொடுத்த துண்டுத்தாளில் அந்த இறக்கை சுண்டுவிரல் அளவுதான் இருந்தது. பின்னால் நீல வானம், முன்னால் சிரிக்கும் ஒரு குழந்தை.

எதிர்ப்புக் குழு சலூனில் கூடியது. அதைவிட நல்ல இடம் கிடையாது என்பது சலூன்காரரின் வாதம். இரண்டு பக்கமும் கண்ணாடி இருப்பதால் பத்துப் பேர் வந்தாலும் நாற்பது பேர் வந்ததுபோல் தெரியும். அன்றைக்கு வந்திருந்தவர்கள் சரியாக ஒன்பது பேர். அவர்களில் ஒருத்தி தையல்காரி. தெருவின் நடுவில் கடை, கடைக்குப் பின்னால் வீடு, கழுத்தில் எப்போதும் டேப். சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் டெய்லரக்காதான். காற்றாலையைப் பற்றி அவளுக்கென்று பெரிதாக எந்தக் கருத்தும் இல்லை. அண்ணன் எதிர்த்தார், அதனால் அவளும் வந்து உட்கார்ந்திருந்தாள்.

அண்ணன் பால்வண்டி ஓட்டுகிறவர். விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பிப் போய், பத்து மணிக்குத் திரும்பி, பகலெல்லாம் தூங்குகிற பிழைப்பு. மேட்டுச் சரிவில் கடைசி வீடு அவருடையது. காற்றாலை வரும் இடங்களில் கம்பெனி அடித்திருந்த முளைகளில் ஏழாவது, சிவப்புப் பெயிண்டில் எண் போட்டது, அவர் வீட்டு அடுக்களை ஜன்னலிலிருந்து பார்த்தாலே தெரியும். வீட்டுக்கு ஐநூறு மீட்டருக்குள் காற்றாலை வரக் கூடாது என்று கம்பெனி ஃபைலிலேயே எழுதியிருந்தது. ஏழாம் முளைக்கும் அந்த வீட்டுக்கும் ஐநூற்று இருபது என்றும் அதே ஃபைலில் இருந்தது. நானூறுகூட இருக்காது என்று அண்ணன் ஆறு மாதமாகச் சொல்லி வந்தார். சொந்த வீட்டுக்காகச் சொல்கிறவன் பேச்சை ஊர் எந்த அளவுக்குக் கேட்குமோ அந்த அளவுக்குத்தான் கேட்டது.

"இந்தப் படத்தைப் பார்த்தா எவனுக்குய்யா பயம் வரும்? பாப்பா கையில பிடிச்சு விளையாடுற காத்தாடி மாதிரி இருக்கு" என்றார் அண்ணன், துண்டுத்தாளை ஆட்டிக்கொண்டே.

அப்போதுதான் தையல்காரி, பேச வேண்டும் என்று நினைக்காமலேயே, "பேப்பர் கட்டிங் போட்டுப் பார்க்கலாமே" என்று சொல்லிவிட்டாள். பழகாத உடுப்பு எதுவாக இருந்தாலும் துணியில் கத்தரி வைக்கும் முன் அவள் தாளில் வெட்டிப் பார்ப்பாள். அந்த வழக்கத்தில் வந்த வார்த்தை. சலூன்காரர் கத்தியை மடக்கிவிட்டு, அறுபது மீட்டர் தாளுக்கு எங்கே போவது என்று கேட்டார். துணியில் போடலாம் என்றாள். கண்ணாடிக்குள் இருந்த நாற்பது பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அளவு வேண்டுமே. மறுநாள் பகல் பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போய், பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருந்த ஃபைலைக் கேட்டாள். கவுன்டரில் இருந்தவர் சாப்பாட்டுக்குப் பூட்டும் நேரம். பத்து நிமிடம்தான் என்று சாவியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். ஃபைலில் இறக்கையின் படம் நீண்ட இலை மாதிரி இருந்தது. நடுவில் புள்ளியும் கோடுமாக ஒரு வரி ஓடியது. அவள் தன் அளவு நோட்டைத் திறந்து அவசரமாக வரைந்துகொண்டாள்.

இங்கே அவளுடைய முறையைச் சொல்லியாக வேண்டும். தையல்காரர்கள் உடம்பை முழுசாக வரைவதில்லை. மனிதருக்கு இடமும் வலமும் ஒன்றுதான் என்று நம்பிப் பாதியை மட்டும் வரைவார்கள். துணியை இரண்டாக மடித்து, மடிப்பின் மேல் அந்தப் பாதியை வைத்து வெட்டினால், விரித்ததும் முழு உருவம் வந்துவிடும். அவளோ எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்க்கிற ஆள். உடம்பில் எடுத்த அளவை முதலில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதுவாள். குறுக்களவைப் பாதியாக வகுத்து, அந்த எண்ணை மட்டும் நோட்டில் ஏற்றுவாள். சீட்டை அந்தப் பக்கத்துக்குப் பின்னால் குண்டூசியால் குத்திவைப்பாள். ஆகவே நோட்டில் ஏறிய எண் எப்போதும் வகுத்த எண். பன்னிரண்டு வருடமாக அந்த நோட்டு அவளை ஏமாற்றியதில்லை.

அன்று கையில் துண்டுச் சீட்டு இல்லை. நடுவரி மடிப்புக் கோடு மாதிரியே இருந்ததால் கை பழக்கத்தில் பாதி இலையை வரைந்தது. நீளத்தில் 60 என்றும் தடித்த இடத்தில் 4 என்றும் எழுதினாள். வீட்டுக்குப் போய் வகுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். வீட்டுக்குப் போனபோது அந்த நினைப்புகூட வரவில்லை.

வீட்டுக்கு ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு என்று கேட்டு வாங்கினார்கள். கிழிந்தது, மஞ்சள் பூத்தது, மையும் தேநீரும் கொட்டியது எல்லாம் சேர்த்து தொண்ணூற்று நான்கு வந்தது. தைப்பதற்கு இடம் சந்தைக் கொட்டகை. அதன் நீளம் முப்பது மீட்டர்தான். அதனால் துணியை மடித்தே வைத்து, தைத்த பாகத்தைச் சுருட்டிக்கொண்டே போக வேண்டியிருந்தது. முழு இறக்கையை விரித்துப் பார்க்க ஒருவருக்கும் வாய்க்கவில்லை.

பதினொரு பிற்பகல் தைத்தாள். அண்ணி எதிரில் உட்கார்ந்து பிறகு பிரித்துவிடும் கச்சாத் தையல் போட்டுக்கொடுத்தாள்.

"நாத்தனாரே, இதென்ன துணியை இப்படித் தின்னுது? உங்கண்ணன் வயிறு மாதிரி."

"கணக்கு சரியாத்தான் இருக்கு அண்ணி. ரெண்டு தடவை பார்த்துட்டேன்."

"நீ ரெண்டு தடவை பார்த்தா சரி. நானெல்லாம் கல்யாணத்தையே ஒரு தடவைகூடப் பார்க்காம பண்ணிக்கிட்டவ."

தையல்காரி சிரித்தாள். ஆனால் யாரிடமும் சொல்லாத ஒன்று அவளுக்குள் நடந்துகொண்டிருந்தது. சாக்பீஸால் அந்த விளிம்பைக் கீறிக்கொண்டு போகும்போது அவளுக்குக் கை கூசியது. தடித்த அடியிலிருந்து நுனி வரை அந்த வளைவு ஓரிடத்திலும் திடுக்கென்று திரும்பவில்லை. எங்கே குறையத் தொடங்கியது என்று விரல் வைத்துக் காட்ட முடியாமல் குறைந்துகொண்டே போனது. கை அக்குளுக்கு அவள் பன்னிரண்டு வருடமாக வெட்டும் வளைவு இதன் முன்னால் பிள்ளை கிறுக்கல். இதை வரைந்த ஆள் எங்கேயோ ஓர் ஊரில் ஏதோ ஒரு மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, காற்றுக்கு உடுப்பு அளவெடுத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். எதிர்ப்பதற்காகத் தைக்கிற ஒன்றின் மேல் இப்படி மயங்கலாமா என்று தெரியவில்லை. ஊசியை மாற்றிக்கொண்டு மேலே தைத்தாள்.

ஊர்வலம் ஞாயிறு காலை. எண்பது பேர் துணிக்குக் கீழே நுழைந்து கைகளை உயர்த்தினார்கள். தெரு முனையில் சுருள் பிரியத் தொடங்கியது.

முதலில் எல்லாரும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். சலூன்காரர் ஏதோ சொல்லிப் பத்துப் பேரைச் சிரிக்கவைத்தார். அகலமான பாகம் தெருவுக்குள் நுழைந்ததும் அந்தச் சிரிப்பு நின்றது. துணி இடப்பக்கக் கடைகளின் பெயர்ப்பலகைகளையும் வலப்பக்கக் கடைகளின் கதவுகளையும் ஒரே நேரத்தில் உரசிக்கொண்டு வந்தது. கீழே இருந்தவர்களின் முகம் வெள்ளையாகிவிட்டது. வெயில் துணி வழியாக வடிந்தது. மேட்டுக் காற்று வந்தபோது அவ்வளவு நீளமும் ஒரே மூச்சாக எழுந்து தணிந்தது. எண்பது பேரும் தங்களை அறியாமல் நுனிக்காலில் எழுந்து இறங்கினார்கள். கடை வாசலில் நின்ற பழக்கடைக்காரர் தராசைப் பிடித்தபடி, நுனி தன்னைக் கடக்கும்வரை மூச்சுவிடாமல் இருந்ததாகப் பிற்பாடு சொன்னார். நாய்கள்கூடக் குரைக்கவில்லை.

"இது ஒண்ணுதான்" என்று அண்ணன் முன்னால் நடந்தபடி குரல் கொடுத்தார். "இது மாதிரி முப்பத்தாறு இந்தத் தெரு வழியாத்தான் மேலே போகணும். உங்க கடை முகப்பை எல்லாம் இடிக்காம எப்படிப் போகும்னு நீங்களே பார்த்துக்கோங்க."

எதிர்ப்பு மனுவில் அதுவரை நாற்பத்தொன்றாக இருந்த கையெழுத்து அன்று சாயங்காலத்துக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு ஆனது. சுவரிலிருந்து சுவர் வரை நிறைந்த வெள்ளை இறக்கையின் படம் செய்தித்தாளில் வந்தது. வியாழக்கிழமை விசாரணை. படத்தோடு நேரில் வந்து அளவைச் சொல்ல வேண்டிய சாட்சி, அதைத் தைத்தவள்.

செவ்வாய்க்கிழமை காலை தபால்காரம்மா சீருடைச் சட்டைக்கு அளவு கொடுக்க வந்தார். தையல்காரி அளவைச் சீட்டில் எழுதி, வகுத்து, நோட்டில் ஏற்றி, சீட்டைக் குண்டூசியால் குத்தினாள். குத்தும்போது தாள் ஒன்று புரண்டது. இறக்கை வரைந்த பக்கம். அதன் பின்னால் சீட்டு இல்லை. குண்டூசி குத்திய துளையும் இல்லை.

சட்டைக் கைக்குக் கஃப் வேண்டுமா என்று தபால்காரம்மா இரண்டு தடவை கேட்டார். தையல்காரிக்கு அது காதில் விழவில்லை.

கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு அலுவலகத்துக்கு ஓடினாள். ஃபைலை விரித்தாள். நான்கு என்ற எண்ணின் இரண்டு பக்கமும் அம்புக்குறிகள் நடுவரியைத் தாண்டி, ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை போயின. முழு அகலமே நான்கு. அவள் தைத்தது எட்டு. தெரு ஏழரை. இறக்கை எந்தக் கடை முகப்பையும் தொடாமல், இரண்டு பக்கமும் ஆள் நடக்க இடம் விட்டுப் போய்விடும்.

அண்ணன் வீட்டு வாசலில் பால் கேன்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். அவள் மூச்சிரைக்கச் சொன்னதை முழுக்கக் கேட்டார். கடைசிக் கேனையும் கவிழ்த்துவிட்டுத்தான் பேசினார்.

"சொல்லாதே."

"கம்பெனிக்காரங்களே சொல்லிடுவாங்கண்ணே. அவங்க இறக்கை அது."

"அவங்க சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. நீ சொன்னா நம்புவாங்க. அதுதான் எனக்கு பயம்." அவர் குரலை உயர்த்தவில்லை. "கடைக்காரங்க எல்லாம் அவங்க முகப்புக்காகக் கையெழுத்துப் போட்டவங்க. முகப்பு தப்பிச்சுடுச்சுன்னா அப்புறம் என் தூக்கத்தைப் பத்தி எவனுக்குக் கவலை? மேட்டடியில நான் ஒருத்தன்தான் நிப்பேன்."

அது உண்மை என்று அவளுக்குத் தெரிந்தது. கழுத்திலிருந்த டேப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த டேப்பை நம்பித்தான் ஊர்ல பாதிப் பேர் என்கிட்ட உடம்பைக் காட்டி நிக்கிறாங்க. அதைக் கழுத்துல போட்டுக்கிட்டு எட்டுன்னு சொல்லச் சொல்றீங்களா?"

"டேப்பைக் கழட்டி வச்சிட்டு வா" என்றார் அண்ணன்.

அண்ணி ஜன்னலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதற்கும் ஒரு நையாண்டி உண்டு. அன்று ஜன்னல் கதவைச் சாத்தினாள்.

புதன்கிழமை அண்ணனும் தங்கையும் பேசவில்லை. அவள் ஒரு பாவாடைக்கு மூன்று முறை நாடா கோத்து மூன்று முறை உருவினாள். சொன்னால் அண்ணன் வீட்டை அவளே காற்றாலைக்குக் கொடுத்தது மாதிரி. ஒன்றுக்கு இரண்டாக வெட்டினவளிடம் இனி யார் துணி கொடுப்பார்கள் என்பது வேறு. சொல்லாவிட்டால் நாளை முதல் எந்த எண்ணைப் பார்த்தாலும் தானே நம்ப மாட்டோம் என்று தோன்றியது. இந்தக் கடைசிப் பயம் சரியானதுதானா, இல்லை பெருமையா என்று யோசித்து முடிவதற்குள் வியாழன் வந்துவிட்டது.

விசாரணை பள்ளிக்கூடக் கூடத்தில். துணிச் சுருளை வெளியே மைதானத்தில் வைத்திருந்தார்கள். அதிகாரிக்குக் கடும் ஜலதோஷம், கைக்குட்டையோடு வந்திருந்தார். கம்பெனி சார்பில் வந்தவள் இளம் பொறியாளர், சேறு படிந்த பூட்ஸ் போட்ட பெண். மேட்டில் மாதக்கணக்காகக் காற்றை அளந்துகொண்டிருந்ததால் ஊர் அவளுக்குக் காத்தாடிப் பொண்ணு என்று பெயர் வைத்திருந்தது. அது அவளுக்கும் தெரியும்.

அதிகாரி செய்தித்தாள் படத்தைத் தூக்கிக் காட்டி, இதன் அகலம் எவ்வளவம்மா என்றார். தையல்காரி எழுந்தாள். டேப் கழுத்தில்தான் இருந்தது.

"நான் தைச்சது எட்டு மீட்டர் சார். அது என் தப்பு. உண்மையான இறக்கை நாலுதான்."

அதிகாரி கைக்குட்டையை இறக்கினார். பிறகு நாற்காலிகள் எல்லாம் ஒன்றாக நகர்ந்தன. அவள் நோட்டைத் திறந்து பாதி இலையைக் காட்டி, எங்கே தவறினோம் என்று முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள்: சீட்டு, குண்டூசி, மடிப்பு, பூட்டுச் சாவியோடு நின்றவர் வரை. கேட்டவர்களில் சிலர் சிரித்தார்கள். "அப்போ என் சட்டை ஏன் டைட்டா இருக்கு?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். கடைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையில் இருநூறு கையெழுத்தும் உதிர்வதை அவள் கண்ணால் கண்டாள். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதோடு விட்டிருந்தால் உட்கார்ந்திருப்பாள். ஆனால் தவறாக வெட்டிய துணியைத் திருத்தாமல் கொடுத்து அவளுக்குப் பழக்கமில்லை. மைதானத்துக்கு வர முடியுமா என்று அதிகாரியைக் கேட்டாள்.

எல்லாரும் வெளியே வந்தார்கள். துணி முதல் முறையாகத் தரையில் முழுசாக விரிந்தது. மைதானத்தின் ஒரு கோல் கம்பத்தில் தொடங்கி மறு கோல் கம்பத்தைத் தாண்டிப் போயிற்று. அவள் அடியில் மண்டியிட்டு, மடிப்புத் தடத்தில் கத்தரியை வைத்தாள். வெட்டவில்லை, கத்தரியின் வாயைப் பாதி திறந்தபடி தள்ளிக்கொண்டே நடந்தாள். வெள்ளைத் துணி மெல்லிய சீறலோடு இரண்டாகப் பிரிந்தது. தையல் மூட்டு வரும் இடத்தில் மட்டும் 'கறுக்' என்று ஒரு சத்தம். இருநூறு பேர் அவளோடு ஓரமாக நடந்தார்கள். நுனியை அடைந்து நிமிர்ந்தபோது முதுகு பிடித்துக்கொண்டது. பின்னால் இரண்டு இறக்கைகள் கிடந்தன. ஒவ்வொன்றும் ஒரு பக்கம் நேர், ஒரு பக்கம் வளைவு.

காத்தாடிப் பொண்ணு அருகில் வந்து குனிந்து பார்த்தாள். நேர்விளிம்பைக் கையால் தடவினாள்.

"அக்கா, உண்மையான இறக்கை இப்படித்தான் இருக்கும். ஒரு பக்கம் கிட்டத்தட்ட நேரு. ஃபைல்ல இருக்கிற படம் சும்மா அடையாளத்துக்குப் போட்டது." அவள் குரலில் கிண்டல் இல்லை. "நாங்க ஏழு வருஷம் படிச்சு வந்த இடத்துக்கு நீங்க தப்புப் பண்ணி வந்திருக்கீங்க."

அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு, வேறு ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். அண்ணன் மட்டும் மெதுவாக, ஏழாம் முளை தன் வீட்டுக்கு நானூறுகூட இல்லை என்று சொன்னார். ஆறு மாதமாகச் சொல்லிப் பழகிய வாக்கியம். இப்போது அதில் தெம்பு இல்லை. ஃபைலில் ஐநூற்று இருபது என்று இருக்கிறதே என்றார் அதிகாரி. ஊர்க்காரர்கள் அளந்தால் கம்பெனி ஏற்காது, கம்பெனி அளந்தால் ஊர் ஏற்காது, யார் அளப்பது என்று அவர் சலிப்போடு கேட்க, காத்தாடிப் பொண்ணு கையை நீட்டித் தையல்காரியைக் காட்டினாள்.

"அவங்க அளக்கட்டும். அவங்க சொல்ற எண்ணை நான் எழுதிக்கிறேன்."

"எதை வச்சு அளக்கிறது? என் டேப் ஒன்றரை மீட்டர்" என்றாள் தையல்காரி.

"கீழே கிடக்குதே, அறுபது."

அப்படித்தான் அந்த இறக்கை மேடு ஏறியது. நாற்பது பேர் போதுமாக இருந்தது இப்போது. தெருவில் இரண்டு பக்கமும் தாராளமாக இடம் விட்டுப் போனது. பழக்கடைக்காரர் தன் முகப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஆனாலும் கடையை மூடிவிட்டுப் பின்னாலேயே வந்தார். ஏன் வந்தோம் என்று தனக்கே தெரியாது என்றார்.

மேட்டின் உச்சியில் காற்று அவர்களுக்காகவே காத்திருந்தது போலிருந்தது. ஏழாம் முளையில் இறக்கையின் அடியை வைத்ததுமே துணிக்குக் கீழே புகுந்து தூக்கியது. நாற்பது பேரும் பிடித்த பிடியை விடவில்லை. ஆனால் அவர்களால் அதைத் தரைக்குக் கொண்டுவரவும் முடியவில்லை. அறுபது மீட்டர் வெண்மை ஆள் உயரத்துக்கு எழுந்து, வளைந்து, விம்மி நின்றது. வளைந்த பக்கம் மேலே ஏறியது. நேரான பக்கம் கத்தி முனைபோல் காற்றைப் பார்த்தது. அது எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அதற்கே தெரிந்திருந்தது. ஒரு விநாடிக்கு நாற்பது பேரையும் இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் இரண்டு அடி நகர்ந்தது.

"அம்மாடி" என்றார் அண்ணன்.

தையல்காரி அவரைத் திரும்பிப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு, அந்தப் பழகிய வாக்கியத்தைத் தவிர, அவர் வாயிலிருந்து அவள் கேட்ட முதல் வார்த்தை அது. அவர் அவளிடம் சொல்லவில்லை, காற்றிடம் சொன்னார். ஆறு மாதமாக அந்த ஆள் எதிர்த்த பொருள் அவருடைய இரண்டு கைக்குள் துடித்துக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் இருந்தது வெறுப்பு இல்லை. பெரிய மழைக்கு முன்னால் வாசலில் நிற்கிறவர்களின் முகம் அப்படித்தான் இருக்கும்.

காற்று தணிந்ததும் இழுத்து நேராக்கித் தரையில் படுக்கவைத்தார்கள். நுனி இருந்த இடத்தில் சாக்பீஸ் கோடு. தூக்கி, கோட்டில் அடியை வைத்து, மறுபடி படுக்கவைத்தார்கள். இரண்டு. வீடு கீழே, மரங்களுக்கு நடுவில் தெரிந்தது. இறக்கை விழுந்தும் எழுந்தும் சரிவில் இறங்கியது. ஒவ்வொரு தடவையும் தையல்காரி குனிந்து, விளிம்பை விரலால் இழுத்து, துவண்டிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் எண்ணைச் சொன்னாள். மூன்று. நான்கு. காத்தாடிப் பொண்ணு எண்ணை எழுதிக்கொண்டே வந்தாள். அதிகாரி ஜலதோஷத்தை மறந்துவிட்டு, பெரிய அடியாக எடுத்து வைத்து முன்னால் நடந்தார். ஏதோ பிரம்மாண்டமான ஒன்று காலடி வைத்து ஊருக்குள் இறங்குகிறது, தாங்கள் அதற்குக் கால்கள் மட்டுமே என்று எல்லாருக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

ஆறாவது முறை நுனி வேலிக்கு முன்னால் விழுந்தது. முந்நூற்று அறுபது. ஏழாவது முறை தூக்கி வைத்தபோது முன்னால் இருந்தவர்கள் தயங்கி நின்றார்கள். வாசலுக்கு வந்தும் துணி மிச்சம் இருந்தது.

"என்ன நிக்கிறீங்க, உள்ள கொண்டு வாங்க" என்றாள் அண்ணி, கதவை அகலத் திறந்து.

நுனி குறுகலானது, நிலைக்கதவுக்குள் சிரமமின்றி நுழைந்தது. முன்னறையைக் கடந்து, அண்ணன் பகலில் தூங்கும் கட்டிலை ஒட்டி, நடையைத் தாண்டி, அடுக்களைக்குள் போய்ப் படுத்தது. தையல்காரி வாசற்படியில் மண்டியிட்டு, படிக்கு உள்ளே போன பாகத்தைத் தன் டேப்பால் அளந்தாள். எட்டு மீட்டர். மறுபடி அளந்தாள். எட்டு. அறுபதில் எட்டுப் போனால் ஐம்பத்திரண்டு. துண்டுச் சீட்டில் எழுதிக் கூட்டினாள். பிறகு நோட்டைத் திறந்து, எதையும் வகுக்காமல் ஏற்றினாள்.

"நானூத்திப் பன்னிரண்டு" என்றாள். "முழு அளவு."

அண்ணனுக்கும் அது தோல்விதான். நானூறுகூட இல்லை என்று சொன்னவர் அவர். ஆனால் ஐநூறு இல்லை. அதிகாரி எழுதிக்கொண்டார். இவள் தனக்கு எதிரான எண்ணைக் கூடத்தில் சொன்னதை நேரில் கேட்டவர்கள் இப்போது இந்த எண்ணைக் கேட்டார்கள். ஒருவரும் இரண்டாம் முறை அளக்கச் சொல்லவில்லை. காத்தாடிப் பொண்ணு மட்டும் அடுத்த வாரம் கருவி கொண்டுவந்து பார்த்தாள். நானூற்று ஒன்பது வந்தது. மூன்று மீட்டர் எங்கே போனது என்று அவள் கேட்டதற்கு அண்ணிதான் பதில் சொன்னாள்: "தையலுக்கு விட்டதும்மா."

ஏழாம் முளையைப் பிடுங்கிவிட்டார்கள். மற்ற பதினொன்றும் வரும். கையெழுத்து மறுபடி நாற்பத்தைந்துக்கு இறங்கிவிட்டது. சலூனில் இன்னும் கூட்டம் நடக்கிறது. கண்ணாடிக்குள் ஆள் நிறைய இருப்பதால் யாரும் சோர்வதில்லை. தையல்காரியிடம் துணி கொடுக்க வருகிறவர்கள், "அக்கா, ஒண்ணு போதும்" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கிறார்கள். ஆனாலும் வருகிறார்கள்.

அன்றைக்கு எல்லாரும் போன பிறகு துணியைச் சுருட்ட வேண்டியிருந்தது. அடுக்களையில் நுனிக்குப் பக்கத்தில் அண்ணனும் தங்கையும் நின்றார்கள். சரிவில் நீண்டு கிடந்த அந்த வெண்மை வாசல் வழியாகத் தெரிந்தது. காற்று வரும்போதெல்லாம் தூரத்திலிருந்து ஒரு மடிப்பு எழுந்து, நடையைக் கடந்து, அவர்களுடைய கால் வரைக்கும் வந்து அடங்கியது. அண்ணன் குனிந்து நுனியை ஒரு விரலால் தொட்டார்.

"இதை யாரு வரைஞ்சிருப்பா?" என்றார்.

"தெரியலண்ணே" என்றாள் அவள். "நானும் தைச்ச பதினொரு நாளும் அதைத்தான் யோசிச்சுக்கிட்டிருந்தேன்."

அவர் ஒரு முனையைப் பிடித்தார், அவள் மறுமுனையைப் பிடித்தாள். உடனே சுருட்டவில்லை. இன்னொரு காற்று வந்து போகட்டும் என்று இருவரும் நின்றார்கள்.